கொழும்பு நெரிசலில் ஓடும் பழைய ஓட்டோ கியர் காருக்கு மேலதிகக் கியர்பொக்ஸ் ஒயில் கூலர் பூட்டுவது எப்படி?

வெள்ளிக்கிழமை மாலை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் காலி வீதியால் போய்ப் பாருங்கள். தூரம் பத்துக் கிலோமீற்றர் அளவில்தான் வரும். மழையும் சேர்ந்துகொண்டால் ஒன்றேகால் மணித்தியாலம் பிடிக்கும். அதில் பாதி நேரம் கார் நின்றபடி இருக்கும். நிற்கும்போதும் கியர் ‘டி’யில், கால் பிரேக்கில்.

என்னுடைய 2002ஆம் ஆண்டுக் கொரோலா 121 அப்படியொரு மாலையில்தான் முதன்முதலில் முரண்டு பிடித்தது. மாமி வீட்டு ஒழுங்கைக்குள் ரிவர்ஸ் எடுத்துவிட்டு ‘டி’க்கு மாற்றினேன். இரண்டு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ‘டக்’ என்ற இடியோடு கியர் விழுந்தது. அடுத்த நாள் காலையில் ஆறிய காரை எடுத்தால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. கியர்பொக்ஸின் டிப்ஸ்டிக்கை (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பி) இழுத்து வெள்ளை ரிஷுவில் தடவினேன். சிவப்பாக இருக்கவேண்டிய ஒயில் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. லேசாகக் கருகல் மணம். வழக்கமாகப் போகும் கராஜ் அண்ணன் அந்த ரிஷுவை மூக்கருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, “பெட்டி இன்னும் போகேல்லைத் தம்பி, சூட்டைக் குறைச்சா ஓடும்” என்றார். பெட்டி என்றது கியர்பொக்ஸை.

சூட்டைக் குறைக்க நான் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் விற்றுவிட நினைத்த கார்களையே வைத்து ஓட்டினோம். இப்போதும் புதுக்கார் விலையைக் கேட்டால் பழையதைப் பார்க்கப் பாசம் கூடுகிறது. கியர்பொக்ஸைத் திறந்து செய்யும் செலவோடு பார்த்தால் கூலர் சின்னச் செலவு. ஆனால் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அப்படியே பூட்டினால் நம் ஊருக்குப் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது

அந்த வீடியோக்களில் கூலர் பூட்டுகிறவர்கள் பெரும்பாலும் படகோ கரவனோ இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்கள். அவர்களுக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கிறது. நம்முடைய சூடு, ஊர்ந்து போவதால் வரும் சூடு.

ஓட்டோ காரில் என்ஜினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் டோர்க் கொன்வேட்டர் இருக்கிறது. மோர் கடையும் மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் பக்கத்துச் சில்லு ஒயிலைக் கடைந்து சுழற்றுகிறது; அந்தச் சுழற்சி மறுபக்கத்துச் சில்லைத் தள்ளுகிறது. பிரேக்கை மிதித்தபடி ‘டி’யில் நின்றால் மறுபக்கம் அசையாது, இந்தப் பக்கம் கடைந்துகொண்டே இருக்கும். அந்தச் சக்தி முழுவதும் ஒயிலில் சூடாக இறங்குகிறது. வேகம் கூடியபின் கொன்வேட்டருக்குள் இருக்கும் லொக்-அப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். வழுக்கல் நிற்கும், சூடும் இறங்கும். அதனால்தான் தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றரில் மாத்தறைக்குப் போகும் கார், பம்பலப்பிட்டிச் சந்தியைத் தாண்டப் போராடும் காரைவிட ஆறுதலாக மூச்சுவிடுகிறது. கடுகண்ணாவை ஏற்றமும் றம்பொடை வளைவுகளும் இன்னொரு வகைச் சோதனை. அங்கே வேகம் குறைவு, பாரம் கூட, லொக்-அப் அடிக்கடி விடுபடும்.

கியர்பொக்ஸ் ஒயிலுக்கு 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை நல்ல இடம். 80ஐத் தாண்டி ஒவ்வொரு 11 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. 115ஐத் தாண்டினால் வார்னிஷ் போன்ற படிவு உள்ளே ஒட்டத் தொடங்கும். 125, 130 என்று போனால் ரப்பர் சீல்கள் இறுகும். இறுகிய சீலால் அழுத்தத்தைப் பிடித்துவைக்க முடியாது. கியர் தாமதமாக விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கார் கம்பனி இதற்குக் கூலர் வைக்காமல் இல்லை. ரேடியேற்றரின் தொட்டிக்குள் ஒரு சிறிய குழாய் ஓடுகிறது. ஒயில் அதற்குள்ளால் போகும்போது சுற்றியிருக்கும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். கார் நின்றாலும் வேலை செய்யும் ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தண்ணீரே 90 பாகையளவில் கொதிநிலையை எட்டிப் பார்ப்பது. ஒயிலை அதற்குக் கீழே அதனால் இறக்க முடியாது. போதாததற்கு, கூலன்ற் இருக்கவேண்டிய இடத்தில் இருபது வருடமாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றி வந்திருப்போம். உள்ளே துருவும் காரையும் படிந்து, வாங்கும் சூடும் குறைந்திருக்கும்.

பூட்டக்கூடாத கார்

கூலர் மருந்து அல்ல. கியர் ஏற்கனவே வழுக்குகிறது, அக்சலரேற்றரை மிதித்தால் என்ஜின் கத்துகிறதே தவிர வேகம் கூடவில்லை, ஒயில் கறுத்து அதில் மினுமினுக்கும் தூள் தெரிகிறது என்றால், கூலர் வாங்கும் பணத்தைக் கியர்பொக்ஸ் செய்பவருக்கு எடுத்து வையுங்கள். சூடானபோது மட்டும் தாமதம், ஆறினால் சுகம் என்ற நிலையில்தான் கூலருக்கு அர்த்தம் உண்டு.

டிப்ஸ்டிக்கில் ஒயில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஸ்ட்ரோபெரி மில்க் போல நுரைத்திருந்தால் காரை ஓட்டவே வேண்டாம். ரேடியேற்றருக்குள் இருக்கும் கூலர் குழாய் ஓட்டையாகி, தண்ணீரும் ஒயிலும் கலந்துவிட்டன. கிளட்ச் தட்டுகளின் மேற்பூச்சை ஒட்டியிருக்கும் பசையைக் கூலன்ற் கலந்த ஒயில் சீக்கிரமே கெடுத்துவிடும். ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் மேலே எண்ணெய்த் துளிகள் மிதப்பதும் இதே நோயின் அறிகுறி. (மூடியைக் கார் முழுதாக ஆறியபின் திறக்கவும்.)

சி.வி.ரி. (படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ) கார்களுக்கும் ஹைபிரிட் கார்களுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தாது. அவற்றின் ஒயிலும் குளிரூட்டும் முறையும் வேறு.

முதலில் ஒயில், அப்புறம்தான் கூலர்

இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம் என்பார்கள். நான் இரண்டு வாரம் இடைவெளி விட்டேன், அதையே உங்களுக்கும் சொல்வேன். பழைய அழுக்கு ஒயில் புதுக் கூலருக்குள் போகாது. அதோடு, எது எந்தக் குறையைத் தீர்த்தது என்றும் உங்களுக்குத் தெரியும். என் காரில் ஒயில் மாற்றியதிலேயே ‘டக்’ பாதி போய்விட்டது.

எந்த ஒயில் என்று டிப்ஸ்டிக்கிலோ காரோடு வந்த புத்தகத்திலோ பாருங்கள். 121க்கு டொயோட்டாவின் ‘ரைப் ரி ஃபோர்’. அதே கம்பனியின் ‘டபிள்யூ.எஸ்.’ பிற்பாடு வந்த மெல்லிய ஒயில். கம்பனி ஒன்றுதானே என்று மாற்றி ஊற்றாதீர்கள். பழைய நிஸானுக்கு ‘மெட்டிக் டி’, மிட்சுபிஷிக்கு ‘எஸ்.பி.’ வரிசை, ஹொண்டாவுக்கு அதன் சொந்த ஒயில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி. கடையில் ‘ஏ.ரி.எஃப்.’ (ஓட்டோ கியர்பொக்ஸ் ஒயில்) என்று கேளுங்கள். வெறுமனே ‘கியர் ஒயில்’ என்றால் மெனுவல் காருக்கான தடித்த ஒயில் கைக்கு வந்துவிடும்.

கீழ் நட்டைக் கழற்றினால் சிறிய கார்களில் ஏறத்தாழ 3 லீற்றர் வெளியேறும். மீதி கொன்வேட்டருக்குள் தங்கும். எவ்வளவு வந்ததென்று அளந்து, அவ்வளவையே ஊற்றுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு இன்னொரு தடவை செய்தால் பெரும்பகுதி புதிதாகிவிடும். மெஷின் வைத்து முழுதாகக் கழுவித் தருவதாகச் சொல்லும் இடங்கள் உண்டு. எத்தனையோ வருடம் ஒயில் மாற்றாத கியர்பொக்ஸில் அதைச் செய்ய எனக்குத் தைரியம் வராது. படிந்துகிடக்கும் அழுக்கைக் கிளப்பி வால்வுகளுக்குள் அனுப்புவானேன்?

என்ன வாங்குவது

மூன்று வகைக் கூலர்கள் கிடைக்கும். வளைந்து வளைந்து போகும் ஒரே குழாயில் தகடு கோத்தது மலிவு. தட்டையான தகடுகளும் இடையில் இறகுகளுமாக இருப்பது நடுத்தரம். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அடுக்குத் தகட்டுக் கூலர்தான் மூன்றாவது. அதே பரப்பில் கூடுதலாகக் குளிர்விக்கும், ஒயிலின் ஓட்டத்தையும் குறைவாகத் தடுக்கும். முடிந்தால் அதையே வாங்குங்கள். 1300, 1500 சி.சி. காருக்கு ஓரடி நீளமும் அரையடி உயரமும் போதும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கொண்டென்சரை (ரேடியேற்றருக்கு முன்னால் நின்று ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் பகுதி) முழுதாக மறைக்கும் அளவில் வாங்கினால் ஏ.சி. குளிர் குறையும்.

கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஜப்பான் வான்களிலிருந்தும் ஜீப்களிலிருந்தும் கழற்றிய பாவித்த கூலர்கள் தொங்கும். பார்க்க அழகாகவும் இருக்கும், விலையும் இளக்கம். நான் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அது கழற்றப்பட்ட வாகனத்தின் கியர்பொக்ஸ் எப்படிச் செத்தது என்று யாருக்குத் தெரியும்? அரைந்த கிளட்ச் தூளும் இரும்புப் பொடியும் அடுக்குத் தகடுகளுக்குள் தங்கிவிட்டால் எத்தனை தடவை கழுவினாலும் முழுதாக வராது. பிரக்கெட், நட், ரப்பர் புஷ் எல்லாம் பஞ்சிகாவத்தையில் தாராளமாக வாங்குங்கள். கூலரையும் ஹோஸையும் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

ஹோஸ் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். பெற்றோல் ஹோஸைக் காட்டி “இதுவும் எண்ணெய்க்குத்தானே, பிரச்சினையில்லை” என்பார்கள். சூடான ஏ.ரி.எஃப். அதை நாளடைவில் இறுக்கி வெடிக்க வைக்கும். ஹோஸின் மேல் கியர்பொக்ஸ் கூலருக்கானது என்றோ ‘எஸ்.ஏ.ஈ. ஜே 1532’ என்றோ அச்சிட்டிருக்க வேண்டும். உள்விட்டம் பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீற்றராக இருக்கும்; ஊகிக்காமல் உங்கள் காரின் ரேடியேற்றர் முனையை அளந்துகொண்டு போங்கள். கூலரின் முனையும் அதே அளவில் இருந்தால் இரட்டிப்பு நிம்மதி. 2 மீற்றர் வாங்கினால் மிஞ்சும்.

கிளிப் நான்கு போதும், ஆறு வாங்குங்கள். துளைபோட்ட பட்டியுள்ள சாதாரண கிளிப் ஹோஸை வெட்டும்; பட்டி வழுவழுப்பான, ஃபியூல் இன்ஜெக்ஷன் வகைக் கிளிப் நல்லது. வெள்ளவத்தை, தெஹிவளை, மொரட்டுவைக் கடற்கரைப் பக்கம் காரை நிறுத்துகிறவர்கள் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பே வாங்குங்கள். எங்கள் வீட்டுக் கிறில் கதவை உப்புக்காற்று என்ன பாடுபடுத்துகிறதென்று பார்த்தால் இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எங்கே பூட்டுவது, எந்த ஒழுங்கில்

வெளிக் கூலருக்குக் காற்று ஓடினால்தான் வேலை. ஹைலெவல் வீதியில் அரை மணி நேரம் அசையாமல் நிற்கும்போது காற்றுக்கு எங்கே போவது? காரின் சொந்த விசிறியிடம்தான். ஏ.சி. போட்டிருக்கும்போது கொண்டென்சருக்குக் காற்றை இழுக்க விசிறி ஓடுகிறது. கொழும்பில் யார் ஏ.சி. போடாமல் ஓட்டுகிறார்கள்? ஆகவே கூலரை, ஓடும் விசிறிக்கு நேர் எதிரே, கொண்டென்சருக்கு முன்னால் வையுங்கள். பம்பர் மூலையிலோ சில்லுக்குப் பக்கத்திலோ இடம் இருக்கிறதே என்று வைத்தால் அதிவேகப் பாதையில் குளிரும், நெரிசலில் சும்மா தொங்கும். என் பார்வையில் இந்த வேலையில் தவறக்கூடாத ஒன்று என்றால் இதுதான்.

இரண்டு விசிறி உள்ள கார்களில் ஏ.சி. போட்டதும் எது ஓடுகிறது என்று முன்கூட்டியே பாருங்கள். கிறிலுக்கு முன்னால் ஒரு மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்தால் இழுக்கும் இடம் தெரிந்துவிடும்.

ஒழுங்கு இப்படி: கியர்பொக்ஸ், பிறகு ரேடியேற்றர், பிறகு புதுக் கூலர், அங்கிருந்து மீண்டும் கியர்பொக்ஸ். கடுஞ்சூட்டின் பெரும்பகுதியை ரேடியேற்றர்த் தண்ணீர் வாங்கட்டும். மிச்சத்தைக் காற்று வாங்கட்டும். திருப்பிப் பூட்டினால் கூலரில் ஆறிய ஒயில், 90 பாகைத் தண்ணீருக்குள் போய் மறுபடி சூடாகும்.

ரேடியேற்றரை முழுதாகத் தவிர்த்துவிட்டுக் கூலரை மட்டும் பாவிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் பனிக்காலம் இல்லாததால் ஒயில் சூடேறாமல் போகும் பயம் குறைவு. ரேடியேற்றர் உள்ளே ஓட்டையாகித் தண்ணீர் கலக்கும் அபாயமும் நீங்கும். ஆனால் நிற்கும்போதும் வேலை செய்யும் ஒரே கூலரை நெரிசல் நகரத்தில் கழற்றி எறிவது எனக்கு ஒத்துவரவில்லை. ரேடியேற்றர் சந்தேகமாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அதற்கு இப்போது வழியில்லை என்றால் பெரிய கூலரும் அதற்கென்று தனி மின்விசிறியும் வைத்துத் தவிர்க்கலாம்.

வேலை நாள்

அரை நாள் ஒதுக்குங்கள். கார் குறைந்தது இரண்டு மணித்தியாலம் ஆறியிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை உயர்த்தினால் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; வெறும் ஜாக்கை நம்பிக் கீழே படுக்கக்கூடாது. கை முன்பக்கம் இருக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள், மின்விசிறி எப்போது சுழலும் என்று சொல்லமுடியாது. தொடர்மாடி வாகனத் தரிப்பிடத்தில் செய்வதானால் பழைய கடதாசிப் பெட்டிகளைக் கிழித்துக் கீழே விரியுங்கள். ஒயில் கறை பட்டால் காவலாளியோடு கதைத்து முடியாது.

1. முன் பம்பரைக் கழற்றுங்கள். கழற்றாமலும் கை போகும், ஆனால் கொண்டென்சரைக் கீறிவிடும் ஆபத்து கூட. 121இல் சில திருகாணிகளும் பிளாஸ்டிக் கிளிப்களும்தான். பழைய கிளிப் உடையும். பஞ்சிகாவத்தையில் பத்து வாங்கி வைத்திருங்கள்.

2. திரும்பும் வழியைக் கண்டுபிடியுங்கள். ரேடியேற்றரின் கீழ்ப்பக்கம் இரண்டு ஒயில் ஹோஸ்கள் இருக்கும். ஒன்றின் வழியாக ஒயில் கியர்பொக்ஸிலிருந்து வருகிறது, மற்றதின் வழியாகத் திரும்புகிறது. தவறாகப் பிடித்தால் ஒழுங்கு தலைகீழாகும். ஒரு ஹோஸை ரேடியேற்றர் முனையிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய ஹோஸை ஒரு போத்தலுக்குள்ளும், வெறுமையான முனையில் துண்டு ஹோஸ் ஒன்றைச் சொருகி அதை இன்னொரு போத்தலுக்குள்ளும் விடுங்கள். கியர் ‘பி’யில் இருக்க, உதவிக்கு வந்தவர் என்ஜினை ஸ்டார்ட் செய்து 10 விநாடியில் நிறுத்தட்டும். ரேடியேற்றர் முனைப் பக்கத்துப் போத்தலில் ஒயில் விழுந்தால் அதுதான் திரும்பும் முனை. ஹோஸ் பக்கத்தில் விழுந்தால் திரும்பும் முனை மற்றது. 10 விநாடிக்கு மேல் ஓடவிடாதீர்கள். பம்ப் வெறும் காற்றை இழுக்கும்.

விழுந்த ஒயிலைக் கொட்டிவிடாமல் போத்தலில் கோடு போட்டு வையுங்கள். கடைசியில் இந்தக் கோடு தேவைப்படும்.

3. கூலரை நிறுத்துங்கள். கிற்றுகளோடு பிளாஸ்டிக் டை வரும். கொண்டென்சர் இறகுகளுக்குள்ளால் குத்தி இழுத்துக் கட்டச் சொல்வார்கள். அதைக் குப்பையில் போடுங்கள். நம் வீதிக் குலுக்கலில் டை ஒரு வருடத்துக்குள் கொண்டென்சர்க் குழாயை உரசி ஓட்டையாக்கும், ஏ.சி. காஸ் போய்விடும். தட்டைக் கம்பியில் இரண்டு பிரக்கெட் வளைத்து, மேலே பொனட் பூட்டு நிற்கும் தூணிலும் கீழே குறுக்குச் சட்டத்திலும் ரப்பர் வாஷரோடு பூட்டுங்கள். கூலருக்கும் கொண்டென்சருக்கும் நடுவில் சிறுவிரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். துளையிடுமுன் கொண்டென்சருக்கு முன்னால் பலகைத் துண்டு ஒன்றை வைக்க மறக்கவேண்டாம். ட்ரில் ஒரு தடவை வழுக்கினால் போதும், கூலர் வேலை ஏ.சி. வேலையாக மாறிவிடும். துளையிட்ட இடத்துக்குப் பெயின்ற் தொட்டு வையுங்கள், உப்புக்காற்று அங்கேதான் முதலில் கை வைக்கும்.

கூலரின் முனைகள் மேலே பார்க்கட்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் பார்க்கட்டும். கீழே பார்த்தால் உள்ளே காற்று சிறைப்படும். பக்கவாட்டில் வைத்தால் ஒயில் கீழ் முனையால் ஏறி மேல் முனையால் வெளியேறட்டும்.

4. ஹோஸ் போடுங்கள். திரும்பும் முனையில் இருந்த பழைய ஹோஸை முழுதாகக் கழற்றி எறியுங்கள். ரேடியேற்றரின் திரும்பும் முனையிலிருந்து கூலருக்கு ஒன்று, கூலரிலிருந்து கியர்பொக்ஸுக்குப் போகும் இரும்புக் குழாய்க்கு இன்னொன்று. அவ்வளவுதான், எந்தக் குழாயையும் அறுக்கவேண்டியதில்லை. சில கார்களில் இரும்புக் குழாயை அறுக்க நேர்ந்தால், அறுத்த முனையில் வளையம்போல் ஒரு புடைப்பு எழுப்ப வேண்டும். பிரேக் குழாய் செய்கிறவர்களிடம் அதற்குரிய ஆயுதம் இருக்கும். வழுவழுப்பான முனையில் கிளிப் மட்டும் நின்று பிடிக்காது.

ஹோஸைக் கூரான பிளேடால் வெட்டுங்கள். ஹக்சோவால் அறுத்தால் ரப்பர் தூள் உள்ளே போகும். முனையில் ஏ.ரி.எஃப். சொட்டு ஒன்றைத் தடவி, ஓரங்குலத்துக்குக் குறையாமல் தள்ளுங்கள். கிளிப் புடைப்புக்குப் பின்னால் உட்காரவேண்டும், புடைப்பின்மேல் அல்ல. தகட்டுத் துளையினூடாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். விசிறிக்கும் பெல்ற்றுக்கும் எக்ஸோஸ்ற்றுக்கும் தள்ளிக் கொண்டுபோங்கள். ஏ.ரி.எஃப். சூடான எக்ஸோஸ்ற்றில் சொட்டினால் தீப்பிடிக்கும், இதில் விளையாட்டு வேண்டாம். என்ஜின் அசையும்போது இழுபடாமல் சில சென்ரிமீற்றர் தளர்வு விடுங்கள். மடிந்து நசுங்கும் வளைவு எங்கும் இருக்கக்கூடாது.

ஒயில் அளவு

புதுக் கூலரும் ஹோஸும் அரை லீற்றருக்குள் ஒயில் குடிக்கும். போத்தலில் பிடித்ததையும் கணக்கில் சேர்த்துப் புது ஒயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு, எல்லா இணைப்பையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பிரேக்கை மிதித்தபடி கியரை ‘பி’யிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு இடத்திலும் சில விநாடி நிறுத்தி, திரும்ப ‘பி’க்குக் கொண்டுவாருங்கள். பிறகு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து சமதரையில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, டிப்ஸ்டிக்கின் ‘ஹொட்’ கோடுகளுக்கு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் கால் லீற்றர், கால் லீற்றராக ஊற்றுங்கள். கூடினால் ஒயில் நுரைத்துக் கியர் வழுக்கும். ஆகவே ‘கொஞ்சம் கூட இருந்தால் பரவாயில்லை’ என்ற கதை இங்கே செல்லாது.

டொயோட்டாவும் நிஸானும் ‘பி’யில் அளப்பவை. மிட்சுபிஷியை ‘என்’னில் அளக்க வேண்டும். ஹொண்டாவை என்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் அளக்க வேண்டும்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

இங்கேதான் அந்தப் போத்தல் கோடு. கூலரிலிருந்து வெளிவரும் ஹோஸைக் கியர்பொக்ஸ் முனையில் கழற்றி, முன்பு போலவே ‘பி’யில் 10 விநாடி ஓடவிட்டுப் பிடியுங்கள். கோட்டுக்குக் கிட்ட வந்தால் ஓட்டம் தடைப்படவில்லை. பாதிதான் வந்தால் எங்கோ ஹோஸ் மடிந்திருக்கிறது அல்லது கூலர் அடைத்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஓட்டாதீர்கள். கியர்பொக்ஸுக்குள் சில பகுதிகளுக்கு எண்ணெய்ப் பூச்சே இந்தத் திரும்பும் ஒயிலால்தான் கிடைக்கிறது. பிடித்த அளவை மறுபடி ஊற்ற மறக்கவேண்டாம்.

சூட்டை அளக்க, துப்பாக்கி வடிவிலான தெர்மோமீற்றர் போதும். மினுங்கும் அலுமினியத்தில் நேரே அடித்தால் குறைத்துக் காட்டும். கியர்பொக்ஸின் கீழ்த் தட்டில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அடியுங்கள். கூலர் பூட்டுவதற்கு முன் ஒரு மாலையிலும், பூட்டிய பின் அதே நேரம் அதே பாதையில் இன்னொரு மாலையிலும் அளந்தால் வித்தியாசம் தெரியும். கூலருக்குள் போகும் ஹோஸையும் வெளிவரும் ஹோஸையும் அளந்து பாருங்கள், ஏ.சி. ஓடும்போது நின்ற காரிலும் வெளிவருவது குறைவாகக் காட்டவேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் விசிறியின் காற்று கூலருக்குப் போய்ச் சேரவில்லை, இடத்தை மாற்றுங்கள். நான் முதல் தடவை ஒரு பக்கம் தள்ளிப் பூட்டிவிட்டு, இந்தச் சோதனையில் தோற்று, பம்பரை மறுபடி கழற்றினேன்.

அடுத்த நாள் காலை காருக்குக் கீழே கடதாசி அட்டை விரித்துப் பாருங்கள். நூறு கிலோமீற்றர் ஓடியபின் கிளிப்களை ஒரு தடவை இறுக்குங்கள். புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். அப்புறம் ஒவ்வொரு சேர்விஸிலும் கூலர் இறகுகளைக் குறைந்த அழுத்தத் தண்ணீரால் பின்னாலிருந்து முன்னால் கழுவச் சொல்லுங்கள். வொஷ் பண்ணும் இடத்துப் பெடியனிடம் விட்டால் ஜெற் அடித்து எல்லா இறகையும் படுக்கவைத்துவிடுவான், பக்கத்தில் நில்லுங்கள். ஹோஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நுனியில் வெடிப்புத் தெரிந்தால் அதற்கு முன்னரே. வடித்த ஒயிலை வடிகாலில் ஊற்றாமல் போத்தலுக்குள் அடைத்துக் கராஜில் கொடுங்கள்.

பொனட்டுக்குக் கீழே முன் சட்டத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டி, எந்த ஒயில், எவ்வளவு கூடுதலாக ஊற்றியது, பூட்டிய திகதி, எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். சிங்களத்திலும் எழுதியிருக்கிறேன். அடுத்த தடவை கையில் எடுப்பவர் யாரென்று தெரியாதே.